அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கேள்வி: சிஸ்டர், என் அப்பாவுக்கு வயது 68. ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தார். அம்மாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடிந்தது. ஒரு ராத்திரி அப்பா சைகையில் கேட்டார் என்று அம்மா இரண்டு ஸ்பூன் காபி கொடுத்திருக்கிறார். புரை ஏறி, மூச்சு வாங்கியதும் டியூட்டி சிஸ்டர் ஓடிவந்து, "ஆளைக் கொல்லப் பாக்குறியா?" என்று வார்டே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு அம்மா அங்கே யாரிடமும் எதுவும் கேட்கவே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது இடுப்புக்குப் பின்னால் புண் இருந்தது. இப்போது வீட்டில் மூக்கு டியூப், யூரின் டியூப், இந்தப் புண். "எல்லாம் என்னாலதான்" என்று அம்மா தினமும் அழுகிறார். மருத்துவமனை மேல் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார் அண்ணன். நான் துடைத்துவிடப் போனால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார். ஹோம் நர்ஸ் வைக்கலாமா? உண்மையில் யார் மேல்தான் தப்பு?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பகுதியை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மேல் தப்பு இல்லை. சும்மா ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் தசைகளும் பலவீனமாகிவிடும். வாயில் போகிற தண்ணீரோ காபியோ உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய்விடலாம், அதனால் நிமோனியா வரலாம். மூக்கில் டியூப் போட்டதே அதற்காகத்தான். இதை யாராவது உங்களிடம் நிதானமாக உட்கார்ந்து சொல்லியிருந்தால், புருஷன் எவ்வளவு கெஞ்சினாலும் நீங்கள் அந்தக் காபியைக் கொடுத்திருக்க மாட்டீர்கள். புண்ணும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையும், எப்படித் திருப்புவது என்பதையும் சொல்லித்தராமல் படுக்கையில் கிடக்கும் ஒருவரை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டார்கள்.

நம் ஊர் வார்டுகளில் நடப்பது இதுதான். 'அட்டெண்டர்' என்று ஒரு பாஸைக் கையில் கொடுத்து, ஒரு நர்ஸ் செய்ய வேண்டிய வேலையில் பாதியை மனைவியிடமோ மகளிடமோ விட்டுவிடுகிறோம். உடம்பு துடைப்பது, பெட் ஷீட் மாற்றுவது, டியூபில் கஞ்சி ஊற்றுவது, யூரின் பையைக் காலி செய்வது என்று எல்லாமே அவர்கள் தலையில்தான். ஆனால் நாங்கள் வருடக்கணக்கில் படித்துக் கற்றுக்கொண்ட வேலை இது. பார்த்துப் பழகிக்கொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது. சொல்லித்தரத்தான் வேண்டும்.

அந்த சிஸ்டர் கத்தியது தவறு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அவர் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் உங்கள் அம்மாவின் வாயை மீதி நாள் முழுக்க அடைத்துவிட்டது. அம்மா கேள்வி கேட்பதை நிறுத்திய அன்றே, புண் வருவதைத் தடுக்கும் வாய்ப்பும் பாதி போய்விட்டது. ஆனால் அந்த இரவு அந்த வார்டில் எத்தனை நர்ஸ்கள் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நைட் டியூட்டியில் நாற்பது கட்டிலுக்கு ஒரே ஒரு சிஸ்டர் நிற்பது எங்களில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஊசி போட வேண்டும், டிரிப் மாற்ற வேண்டும், புது அட்மிஷன் எடுக்க வேண்டும், ஒருவருக்கு ஃபிட்ஸ் வந்தால் ஓட வேண்டும், அத்தனையையும் நோட்டில் எழுதவும் வேண்டும். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமாக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்ஸ்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் சம்பளம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் சுகாதாரத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். கத்தியதை நியாயப்படுத்த இதையெல்லாம் சொல்லவில்லை. உங்கள் புகார் யாரை நோக்கிப் போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது அவசரம் அந்தப் புண்தான்.

எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே தோல் நசுங்கிக் கிடக்கும்போது அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. அதனால் உள்ளேயிருந்தே சதை சாக ஆரம்பிக்கும். மேலே தெரிகிற சிவப்பு அதற்கு முதல் அடையாளம்தான். விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுத்துத் திரும்ப வருகிறதா, இல்லை அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, சுற்றியுள்ள நிறத்திலிருந்து மாறியோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு இடுப்பில் ஏற்கனவே இருக்கிறது, சரி. இனி குதிகால், இடுப்பின் இரண்டு பக்க எலும்பு, தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை, காது மடல் என்று எல்லா இடத்தையும் தினமும் துடைக்கும்போதே பாருங்கள்.

புண் இடுப்புக்குப் பின்னால் இருப்பதால் மல்லாக்கப் படுக்க வைப்பதை முடிந்த அளவு தவிர்க்க வேண்டும். இடது பக்கம், வலது பக்கம் என்று மாறி மாறிச் சாய்த்துப் படுக்க வைக்கலாம். முழுக்க ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு எலும்பின் மேல் பாரம் விழும். அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைக் கொடுத்து லேசாகச் சாய்ந்த நிலையில் வையுங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை. கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதை மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். அது வேண்டாம். துணியை வளையமாகச் சுற்றிப் புண்ணைச் சுற்றி வைப்பதும் வேண்டாம். அந்த வளையத்தின் விளிம்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் இன்னும் குறையும்.

அம்மா ஒருவராக எப்படித் திருப்புவார் என்பதுதானே கேள்வி? பழைய பருத்திப் புடவை ஒன்றை நான்காக மடித்து, அப்பாவின் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்துவிடுங்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் அம்மா நிற்கட்டும். எதிர்ப்பக்கக் கையை மார்பின் மேல் குறுக்கே வைத்து, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி நிறுத்தி, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துத் தன் பக்கமாக உருட்ட வேண்டும். தூக்கக் கூடாது, உருட்டினால் போதும். மேலே நகர்த்த வேண்டியிருந்தால் இரண்டு பேர் அந்தப் புடவையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று இழுத்தால் தோல் உராய்ந்து புண் பெரிதாகும். விழுந்துபோன வலது கையைப் பிடித்து மட்டும் எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். பிறகு பிசியோதெரபியே செய்ய முடியாத அளவுக்கு வலி வந்துவிடும். வலது பக்கமாகச் சாய்க்கும்போது அந்தத் தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் முன்னால் எடுத்துவிட்டு, குறைவான நேரம் வையுங்கள்.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணியையும் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி வையுங்கள். மாறி மாறிப் பார்க்கிற வீட்டில் "நீ திருப்பினியா, நான் திருப்பினேனா" என்ற குழப்பம் வராது. இரவில் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்திருக்க வேண்டும் என்றால் அம்மாவே ஒரு மாதத்தில் படுத்துவிடுவார். ஏர் பெட் வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும். அது இருந்து, புது சிவப்பு எதுவும் வராமல் இருந்தால் இரவில் நான்கு மணி நேர இடைவெளி விடலாம். இந்தப் புண் ஆறுகிறதா என்று பார்க்கிற டாக்டரிடமோ சிஸ்டரிடமோ அதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மேல் கம்பளி, ரெக்சின் என்று அடுக்கினால் பயன் போய்விடும். மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும். கரண்ட் போனால் காற்று இறங்கி அப்பா வெறும் கட்டில் பலகையில் கிடப்பார். அதனால் கரண்ட் போனதும் எட்டிப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புண்ணில் பவுடர், மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் போடாதீர்கள். சிவந்த இடத்தை ரத்தம் ஓடட்டும் என்று தேய்த்துவிடவும் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்புக் கரைசலால் கழுவி, டாக்டர் சொன்ன டிரெஸ்ஸிங்கை வையுங்கள். திறந்த சலைன் பாட்டிலை நாள்கணக்கில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். கருப்பாகவோ மஞ்சளாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த சதையை நீங்கள் உரிக்க வேண்டாம், அது டாக்டரின் வேலை. நாற்றம் அடித்தால், சுற்றிலும் சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், எலும்பு தெரிந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் புண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ஆறுகிறதா, பெரிதாகிறதா என்று அது காட்டிவிடும்.

இன்னொரு விஷயம், பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இதில்தான். டியூபில் இளநீர், ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர், ஒன்றுமில்லாத அரிசிக் கஞ்சி என்று போய்க்கொண்டே இருக்கும். அதை வைத்துப் புண் ஆறாது. சதை வளரப் புரதம் வேண்டும். பயறு, பொட்டுக்கடலை சேர்த்த சத்துமாவுக் கஞ்சி, வேகவைத்துக் குழைத்த பருப்பு, பால், மோர், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு. எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து, வடிகட்டிக் கொடுங்கள். சர்க்கரை நோயோ கிட்னி பிரச்சினையோ இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

டியூபில் ஊற்றும்போது அப்பா சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. அதற்குள் திருப்பவோ துடைக்கவோ வேண்டாம். மூக்கு ஓரத்தில் டியூபின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதற்கு முன் அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிஞ்சால் லேசாக இழுத்தால் வயிற்றிலிருந்து நீர் வர வேண்டும். கோடு நகர்ந்திருந்தாலோ, இருமல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஊற்றாதீர்கள். ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல் வேண்டாம், சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ளக் கூடாது. கடைசியில் கொஞ்சம் வெந்நீர் ஆறவைத்து ஊற்றினால் டியூப் அடைக்காது. டியூப் வெளியே வந்துவிட்டால் நீங்களே திரும்பப் போட முயற்சிக்காதீர்கள். வாயால் சாப்பிடாததால் வாய் சுத்தமாக இருக்கும் என்று நினைப்போம், அது அப்படி இல்லை. விரலில் ஈரத்துணியைச் சுற்றிக் காலையும் மாலையும் பல், ஈறு, நாக்கைத் துடைத்துவிடுங்கள். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினாலும் நிமோனியா வரும்.

யூரின் பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. முக்கால் பை நிரம்பும் முன் காலி செய்யுங்கள். டியூப் எந்த வகை, எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்று கேட்டு அதே காலண்டரில் குறித்துவிடுங்கள். அது இனியும் தேவையா என்றும் கேளுங்கள். பல பேருக்குக் கழற்றிவிடலாம், யாரும் கேட்காததால் அப்படியே கிடக்கும்.

மூக்கு டியூபும் ஆயுசுக்கும் அல்ல. விழுங்கும் சக்தி பலருக்கு வாரக்கணக்கில் மெல்லத் திரும்பும். ரிவ்யூவுக்குப் போகும்போது "விழுங்க முடிகிறதா என்று டெஸ்ட் பண்ணிப் பாருங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அதுவரை அந்தக் காபி? நன்றாகப் பிழிந்த துணியில் காபியைத் தொட்டு உதட்டிலும் நாக்கு நுனியிலும் தடவலாமா என்று அதே டாக்டரிடம் கேளுங்கள். சொட்டு வழியாத அளவுக்குப் பிழிந்திருந்தால் பலரும் சம்மதிப்பார்கள். நாற்பது வருடம் காலையில் காபி குடித்த மனிதர், அதன் ருசியைக் கேட்டு அழுவதில் தப்பில்லை.

இனி அப்பாவைப் பற்றி. அவருக்குப் பேச்சுதான் போயிருக்கிறது. நீங்கள் பேசுவது பெரும்பாலும் புரியும், முழுதாகப் புரியாவிட்டாலும் தொனி புரியும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சட்டென்று அழுகை வருவது மூளைப் பாதிப்பாலும் நடக்கும். ஆனால் நீங்கள் துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே, அது மூளைப் பாதிப்பு மட்டும் இல்லை. வளர்த்த மகள் முன்னால் அம்மணமாகக் கிடக்கிற அப்பாவின் கூச்சம். அதை மதியுங்கள். இந்த வேலையை உங்கள் அண்ணன் செய்யட்டும். புகார் எழுதக் காட்டுகிற வேகத்தை அவர் காலையில் ஒரு அரை மணி நேரம் இதிலும் காட்டட்டும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அது நல்லது. அண்ணன் இல்லாத நாளில் நீங்களோ அம்மாவோதான் செய்ய வேண்டியிருந்தால், வேட்டியால் மூடி, துடைக்கிற பகுதியை மட்டும் விலக்கித் துடைத்து, உடனே மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தொடுவதற்கு முன் "அப்பா, முதுகைத் துடைக்கப் போறேன்" என்று சொல்லுங்கள். வலது பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அதனால் இடது பக்கமாக நின்று பேசுங்கள். நலம் விசாரிக்க வருகிறவர்கள் கண்ணில் படாதபடி யூரின் பையை ஒரு துணிப்பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு "பாவம், எப்படி இருந்த மனுஷன்" என்று பேசுகிறவர்களைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அவர் டியூபை இழுக்கிறார் என்றால், கையைக் கட்டிப்போடுவதற்கு முன் மூக்கில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் புண்ணாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோம் நர்ஸ் வைக்கலாம். ஆனால் ஏஜென்சிகள் அனுப்புகிற எல்லாரும் நர்ஸ் இல்லை. பெரும்பாலும் சில வாரப் பயிற்சியோ, அதுவும் இல்லாமலோ வருகிற உதவியாளர்கள்தான். அவர்களும் உழைப்பாளிகள். திருப்புவது, துடைப்பது, துணி மாற்றுவது போன்றவற்றுக்கு அவர்கள் பெரிய துணை. ஆனால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங், டியூப் மாற்றுவது, ஊசி என்று வந்தால் தமிழ்நாடு நர்ஸ் மற்றும் தாதியர் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நர்ஸ் என்று சொல்லிக்கொள்பவர் அதைக் கொடுக்கத் தயங்கக் கூடாது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் ஏஜென்சியிடம் கேளுங்கள். அவரும் நிம்மதியாக இருந்தால்தான் அப்பாவை நன்றாகப் பார்ப்பார்.

காசு இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சேவையும் (வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) பிசியோதெரபியும் தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு நேரில் போய் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். நர்ஸ் வீட்டுக்கு வருகிற அன்று அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பழகிக்காட்டச் சொல்லுங்கள். பிறகு அம்மா தனியாகச் செய்ய, அவர் பார்க்கட்டும். நான் இங்கே எத்தனை எழுதினாலும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஈடாகாது.

கடைசியாகப் புகார். கொடுங்கள். கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு சிஸ்டரின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால், அவருக்கு மெமோ வரும், வேறு வார்டுக்கு மாற்றுவார்கள், அதே நாற்பது கட்டிலுக்கு வேறொருவர் வந்து நிற்பார். டீனுக்கும் நிலைய மருத்துவ அலுவலருக்கும் எழுதுங்கள். கத்தியதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். அதோடு, அட்மிஷன் ஆனபோது புண் இல்லை, எந்தத் தேதியில் முதலில் பார்த்தீர்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா, இரவில் வார்டில் எத்தனை நர்ஸ் இருந்தார்கள், டியூபையும் புண்ணையும் பற்றி அட்டெண்டருக்கு யாராவது சொல்லித்தந்தார்களா என்பதை எழுதுங்கள். வேண்டுகோளாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டிஸ்சார்ஜுக்கு முன், கூட இருப்பவர் செய்து காட்டிய பிறகுதான் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இது நடக்காத காரியமில்லை. நூரா ஹெல்த் என்ற அமைப்பு, அரசு மருத்துவமனை நர்ஸ்களைக் கொண்டே குடும்பத்தாருக்கு வார்டில் வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்தாருக்கே இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து வளர்ந்தது.

கேஸ் ஷீட் (அப்பாவின் சிகிச்சைப் பதிவுகள்) நகலையும் எழுத்தில் கேளுங்கள். நோயாளியோ குடும்பத்தாரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. புகாரைக் கொடுக்கும்போது உங்களிடம் இருக்கும் நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.